“முட்டபேடா!” - புதுசா காது குத்தினவங்களுக்கு சூளகிரி அஜ்ஜி சொன்ன முதல் வைத்தியம்

‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். காதின் மேல்பக்கத்தில் ஒரு குட்டி வெள்ளைக்கல் மின்னியது.

ஒசூரில் ஒரு ஃபேன்ஸி கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட், “தினமும் கம்மலைத் திருப்பி விடுங்க, இல்லைன்னா ஒட்டிக்கும்” என்று ஓர் அறிவுரை. 2 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள் அந்தப் பெண்.

வயது 22. வீடு சூளகிரியில். கிருஷ்ணகிரிக்கும் ஒசூருக்கும் நடுவே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் கொத்தமல்லிக் கட்டுகள் ஏறும் லாரிகள், இன்னொரு பக்கம் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள். டிப்ளமோ முடித்த கையோடு அவளும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை. அடுத்த மாதம் தங்கைக்கு ஷூ. மூன்றாவது சம்பளத்தில்தான் தனக்கென்று ஆசைப்பட்டாள். அந்த ஆசைதான் இந்த வெள்ளைக்கல்.

வீட்டுக்குள் நுழையும்போது முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. “கல்யாண வயசுல இதென்னடி கோலம்?” என்று கேட்பார். நாலு நாள் போகட்டும், ஆறின பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆளுக்கொரு வைத்தியம்

தொழிற்சாலையில் தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். உலோக நகையோடு லைனில் நிற்கக் கூடாது. அதனால் கம்மல் மேல் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள். மாஸ்க்கின் எலாஸ்டிக் சரியாகக் காயத்தின் பின்னாலேயே போய் உட்கார்ந்தது. 8 மணி நேரம் வியர்வை, அழுத்தம், உராய்வு. நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், அசதியில் அந்தப் பக்கமே திரும்பித் தூங்கினாள்.

நான்காம் நாள் வலி கூடியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தோழிகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி மஞ்சளைக் குழைத்துப் போடச் சொன்னாள். இன்னொருத்தி, தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி விடு என்றாள். மூன்றாமவள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அழுக்கெல்லாம் வந்துவிடும் என்றாள். அவள் எல்லாவற்றையும் செய்தாள். கடைக்காரர் சொன்னபடி, தினமும் குளித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கம்மலையும் திருப்பினாள். ஒன்பதாம் நாள், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கி விழுங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை. காதின் மேல்பாதி பணியாரம் மாதிரி உப்பி, சிவந்து, தொட முடியாத சூட்டோடு இருந்தது. கம்மல் போடும் கீழ்மடல் மட்டும் எப்போதும் போல. லேசாகக் குளிர் ஜுரம்.

முதலில் பார்த்தது அஜ்ஜிதான். அப்பாவின் அம்மா. பிறந்தது ஆனேக்கல் பக்கம். தமிழ் பேசினாலும் அவசரத்தில் கன்னடம்தான் வரும். போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தவளின் முடியை ஒதுக்கிப் பார்த்தார். அவள் வலி தாங்காமல் கையைக் காதுக்குக் கொண்டு போக, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “முட்டபேடா!”

தொடாதே என்று அர்த்தம்.

அதன் பிறகு நடந்ததுதான் அவள் எதிர்பாராதது. அஜ்ஜி திட்டவில்லை. தன் காதின் மேல்பக்கத்தைக் காட்டினார். சுருக்கங்களுக்கு நடுவே ஒரு பழைய துளை.

“இது புகுடி போட்ட ஓட்டை. எனக்கு உன் வயசுகூட ஆகல அப்போ. வேப்பங்குச்சி வெச்சுட்டு, காய்ஞ்சு முடியற வரைக்கும் எங்கம்மா கைய வைக்க விடல. தூக்கத்துல தொட்டுடுவேன்னு கைய முந்தானையில கட்டிக்கிட்டுப் படுப்பா. நீ என்னடான்னா தினமும் திருப்பி வெச்சிருக்க. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“ஏம்மா இத்தனை நாள் கழிச்சு வந்தீங்க?”

கிருஷ்ணகிரியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்த அம்மா அப்போதுதான் அமைதியானார். “எனக்குப் பயந்துகிட்டுதான் டாக்டர்” என்று மெதுவாகச் சொன்னார்.

வந்திருந்த பிரச்னையின் பெயர் பெரிகான்ட்ரைட்டிஸ். காதின் மேல்பகுதி குருத்தெலும்பால் ஆனது. அந்தக் குருத்தெலும்புக்கென்று தனி ரத்த ஓட்டம் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் இருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். அந்த உறையில் கிருமி புகுந்து சீழ் கட்டினால், உறையும் குருத்தெலும்பும் பிரிந்துவிடும். சத்து போகாத குருத்தெலும்பு அழுகிச் சுருங்கும். அப்படிச் சுருங்கிய காதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

மேல்பாதி வீங்கி, கீழ்மடல் மட்டும் சாதாரணமாக இருந்தது அல்லவா? அதுவே இந்த நோயின் அடையாளம். கீழ்மடலில் குருத்தெலும்பு இல்லை. சதையும் கொழுப்பும்தான். ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் அங்கே குத்தினால் சீக்கிரம் ஆறுகிறது. குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஆசாரி தங்கக் கம்பியால் குத்தியது கீழ்மடலில். அப்போது தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வைத்து ஆறியது என்றால், அதில் பாதிப் புகழ் அந்த இடத்தின் ரத்த ஓட்டத்துக்குச் சேர வேண்டும். அதே வைத்தியத்தை மேல்காதுக்குக் கொண்டுபோனதுதான் தப்பாகிவிட்டது.

சீழை வெளியேற்றினார்கள். ஊசி, மாத்திரை, மறுபடி மறுபடி கட்டு மாற்றுவது. 9 நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த நாள்களுக்குச் சம்பளமும் இல்லை. காது பிழைத்துவிட்டது. மேல் விளிம்பில் மட்டும் சின்னதாக ஒரு மடிப்பு நின்றுபோனது.

பாட்டிலுக்குள் இருந்த கிருமி

இது இங்கே மட்டும் நடப்பது இல்லை. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஒரே கடையில் மேல்காது குத்திக்கொண்டவர்களுக்கு அடுத்தடுத்துக் காது வீங்கியது. 7 பேருக்குத் தொற்று உறுதியானது. சிலருக்குக் காதின் வடிவமே மாறிப்போனது. சுகாதாரத் துறையினர் தேடிப் பார்த்தபோது, குத்தும் இடத்தில் தெளிக்கும் கிருமிநாசினி பாட்டிலிலேயே அந்தக் கிருமி இருந்தது. அந்த ஆய்வு 2004-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியானது.

அந்தக் கிருமியின் பெயர் சூடோமோனாஸ். ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. மேல்காதுத் தொற்றுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சாதாரணமாகக் கடையில் வாங்கிப் போடும் பல ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு இது அசையாது. மெடிக்கல் ஷாப் மாத்திரையில் அவளுக்குக் குணமாகாததன் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

இன்னொரு விஷயம், அந்தத் துப்பாக்கி. அது கூர் மழுங்கிய கம்மலையே அழுத்தி உள்ளே தள்ளுகிறது. மடலின் சதை தாங்கிக்கொள்ளும். குருத்தெலும்பு நசுங்கிவிடும். கருவியில் பிளாஸ்டிக் பாகங்கள் இருந்தால், ஆபரேஷன் கருவிகளைப் போல அதிக வெப்பத்தில் வைத்துச் சுத்தப்படுத்தவும் முடியாது. அதனால்தான் மேல்காது, மூக்கு, தொப்புள் போன்ற இடங்களுக்கு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் உள்கூடுள்ள ஊசி நல்லது என்கிறார்கள்.

அந்தக் காலத்து மேல்காது

“இது என்ன புது ஃபேஷன்?” என்று அம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் புதிது இல்லையே! கர்நாடகத்தில் புகுடி. தமிழ்நாட்டில் கொப்பு, முருகு. எல்லாமே மேல்காதில் போடும் நகைகள். நடுவில் ஒரு தலைமுறை அதை விட்டுவிட்டது. நகையோடு சேர்ந்து, புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பழக்கமும் போய்விட்டது. பேத்திகள் நகையை மட்டும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

காது குத்துவதைப் பற்றி சுஸ்ருத சம்ஹிதையில் தனி அத்தியாயமே உண்டு. குழந்தைக்கு 6 அல்லது 7-ம் மாதத்தில், வெயில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும் இடமாகப் பார்த்துக் குத்தச் சொல்கிறது. துளையில் பஞ்சுத்திரி வைத்து எண்ணெய் விடச் சொல்கிறது. வீக்கமோ வலியோ வந்தால் திரியை எடுத்துவிட்டு, புண் ஆறிய பிறகே மறுபடி குத்த வேண்டும் என்கிறது. பொருள்கள் மாறிவிட்டன. பஞ்சுத்திரியும் வேப்பங்குச்சியும் இன்றைக்கு வேண்டாம், அவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல. ஆனால், குத்துவதோடு வேலை முடியவில்லை என்பதை அந்தக் காலத்தவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மருத்துவர் சொல்லி அனுப்பியதை அம்மா காலண்டர் அட்டையின் பின்னால் எழுதிச் சமையலறையில் மாட்டிவிட்டார். எல்லோருக்கும் பயன்படுவது என்பதால் இங்கே:

✓ கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். மற்ற நேரத்தில் அஜ்ஜி சொன்னதுதான்: முட்டபேடா!

✓ மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 0.9% சலைன் போதும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள். திறந்து நாள்கணக்கில் வைத்திருந்ததைப் பயன்படுத்தாதீர்கள். சுத்தமான காஸ் துணியை அதில் நனைத்து, ஒரு நாளைக்கு 2 தடவை காயத்தின் மேல் சில நிமிடங்கள் வைத்தால், காய்ந்த பக்கு தானாக ஊறி வரும். நகத்தால் பிய்க்காதீர்கள். பஞ்சு வேண்டாம், நார் கம்மலில் சிக்கும்.

✓ சுத்தம் செய்த பிறகு டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். வீட்டில் எல்லோரும் துடைக்கும் துண்டு கூடாது.

✓ கம்மலைத் திருப்ப வேண்டாம். உள்ளே புதிதாக வளரும் தோல் ஒவ்வொரு தடவையும் கிழியும். வெளியே ஒட்டியிருக்கும் பக்கும் உள்ளே போகும்.

✓ ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டுமே கிருமியோடு சேர்த்துப் புதுத் தோலையும் எரித்துவிடும். மஞ்சள், எண்ணெய், சாம்பல், தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

✓ கிணறு, ஏரி, அணைக்கட்டு, நீச்சல்குளம் என்று ஆறும் வரை எங்கேயும் முங்கிக் குளிக்க வேண்டாம். சூடோமோனாஸுக்கு ஈரம்தான் வீடு என்பது நினைவிருக்கட்டும்.

✓ அந்தப் பக்கம் படுக்காதீர்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். போனை அந்தக் காதில் வைக்க வேண்டாம். ஹெல்மெட்டை மெதுவாகக் கழற்றுங்கள். காதில் மாட்டும் மாஸ்க்குக்குப் பதில் தலைக்குப் பின்னால் கட்டும் மாஸ்க் கிடைத்தால் நல்லது.

✓ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், நகை விதி என்ன என்று குத்தும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்ட்டுக்கு ஷிப்ட் கழற்றி மாட்டினால் புண் ஆறவே ஆறாது. கழற்றி வைத்தால் புதுத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கவும் ஆரம்பிக்கும்.

எத்தனை நாளில் ஆறும்?

கீழ்மடலுக்கு 6 முதல் 8 வாரம். மேல்காதுக்கு 6 மாதத்தில் இருந்து ஒரு வருடம். மூக்குக்கு 4 முதல் 6 மாதம். தொப்புளுக்கு 6 மாதத்தில் இருந்து ஒரு வருடம். புடவைக் கொசுவமும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டையும் உரசிக்கொண்டே இருப்பதால் தொப்புளுக்குப் பொறுமை அதிகம் வேண்டும். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஆறியிருக்காது. “வலியே இல்லையே” என்று இரண்டாவது மாதமே கம்மலை மாற்றிப் புண்ணைக் கிளறிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

கம்மல் எந்த உலோகம் என்பதும் முக்கியம். விலை குறைந்த ஃபேன்ஸி கம்மலில் நிக்கல் கலந்திருக்கும். அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல் எல்லாம் அந்த ஒவ்வாமையால் வரலாம். இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உடம்புக்குள் பொருத்தும் தரத்தில் உள்ள டைட்டானியம் அல்லது நல்ல தங்கம் பாதுகாப்பு. வீங்கினாலும் இடம் இருக்கிற மாதிரி முதலில் தண்டு கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். திருகாணியை இறுக்கிவிட்டால், வீங்கிய தோல் அதை விழுங்கிவிடும்.

கைக்குழந்தைக்குக் குத்துவதாக இருந்தால், 14-வது வாரத் தடுப்பூசி முடியட்டும். சர்க்கரை நோய், இதய வால்வு பிரச்னை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் கீலாய்டு தழும்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குத்திக்கொள்வது நல்லது.

எப்போது ஓட வேண்டும்?

முதல் சில நாள்கள் லேசான வீக்கமும், கொஞ்சம் தெளிந்த நீர் வடிந்து பக்கு கட்டுவதும் சாதாரணம். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால், நாள் ஆக ஆக வலி குறையாமல் கூடினால், சூடும் சிவப்பும் பரவினால், மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகச் சீழ் வந்தால், நாற்றம் அடித்தால், ஜுரம் வந்தால், கம்மல் உள்ளே புதைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். நீங்களாகக் கம்மலைக் கழற்ற வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். கழற்றுவதா, விடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

ஆறிய பல மாதங்கள் கழித்து, துளையைத் தாண்டிக் கெட்டியாகத் தழும்பு வளர்ந்தால் அது கீலாய்டாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. சீக்கிரம் காட்டினால் சுலபம்.

நாலு கேள்வி

அவள் இன்றும் அதே தொழிற்சாலைக்குத்தான் போகிறாள். தொப்பிக்குள் அந்தச் சின்ன மடிப்பு வெளியே தெரியாது. வீட்டில் முடியை இழுத்து மூடிக்கொள்வதும் இல்லை.

போன மாதம் தங்கை கேட்டாள், “அம்மா, நான் மூக்கு குத்திக்கட்டுமா?”

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அக்காவின் காதைப் பார்த்தார். இந்தத் தடவை, ஒன்றாகவே கிளம்பினார்கள். கடையில் அம்மா வரிசையாக நாலு கேள்வி கேட்டார். “ஊசி புதுசா? எங்க கண்ணு முன்னாடி பிரிப்பீங்களா? கையுறை போடுவீங்களா? மூக்குத்தி என்ன உலோகம்?” இரண்டு கடையில் சரியான பதில் வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில்தான் குத்தினார்கள்.

“அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா திட்டித்தான் இருப்பேன். ஆனா மூணாவது நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்ல” என்று பெரியவளிடம் அம்மா இப்போதும் சொல்வதுண்டு.

தினமும் காலையிலும் ராத்திரியிலும் சலைன் பாட்டிலோடு தங்கைக்குப் பக்கத்தில் உட்காருவது அக்காவின் வேலை. கண்ணாடி முன்னால் நின்று தங்கையின் விரல் மூக்குக்குப் போகும்போதெல்லாம், திண்ணையில் இருந்து ஒரு குரல் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

“ஏய்... முட்டபேடா!”